மறுமுனையில் வலை இல்லாத கயிறு

1

வாரத்தில் மூன்று நாள் நான் காசு கட்டிக் கயிறு இழுக்கிறேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் ஒருமுறை நிறுத்தித் திரும்ப வாசித்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழை இல்லை. கூலி வாங்கி அல்ல, கட்டி.

கயிறு என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். உண்மையில் அது பிளாஸ்டிக் உறை போட்ட உருக்குக் கம்பி. வட நோர்வேயில் நான் இருக்கும் பட்டினத்தின் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் உடற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு தாழ்ந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் முன்னால் உள்ள தட்டுகளில் ஊன்றி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, கம்பியின் நுனியில் இருக்கும் பிடியை வயிற்றடிக்கு இழுக்க வேண்டும். இழுத்தால் மறுமுனையில் அடுக்கியிருக்கும் இரும்புத் தட்டுகள் மேலே போகும். பிறகு மெல்ல விட வேண்டும். தட்டுகள் கீழே வரும். எல்லாம் பழையபடி இருந்த இடத்தில் இருக்கும். படகு வலிப்பது மாதிரியான பயிற்சி என்று இதற்குப் பெயர். படகும் இல்லை, தண்ணீரும் இல்லை, போய்ச் சேருகிற இடமும் இல்லை.

பத்துத் தடவை இழுத்தால் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் ஒன்றரை நிமிடம் கையை உதறிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதும் பயிற்சியில் சேர்த்தி. அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள்.

எனக்கு இடப்பக்கத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அம்மா ஒருவர் இழுப்பார். வலப்பக்கத்தில் ஓர் இளைஞன் இழுத்து முடித்ததும் சட்டையைக் கழற்றி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தன் முதுகைத் தானே படம் எடுப்பான். சொந்த முதுகைப் பார்க்க முடியாது என்பது மனிதனுக்குக் கிடைத்த பெரிய நிம்மதிகளில் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். அதையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை.

மூன்று பேரும் முழு வேகத்தில் இழுப்போம். கரைக்கு ஒன்றும் வராது.

2

இந்த விஷயத்தை முதன்முதலில் சிவம் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னது என் முட்டாள்தனம்.

சிவம் அண்ணன் என் ஒரே அண்ணன். கரைவலைச் சம்மாட்டி. அதாவது வலையும் தோணியும் அவருடையவை, இழுக்க வருகிற ஆட்கள் அவருடைய பொறுப்பு. சண்டைக் காலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் இருந்து வெளிக்கிட்டு, முந்தலுக்கு மேற்கே கடற்கரையில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஆகவே ஊர் ஊர் என்று நான் இங்கே உருகுவது எங்களுடைய இரண்டாவது ஊருக்குத்தான். முதலாவதை நினைத்து உருக எனக்கு வயது காணாது. அந்த வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார்.

கரைவலையைப் பற்றி நகரத்து வாசகர்களுக்கு இரண்டு வரி. தோணியில் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு வருவார்கள். அதன் இரண்டு பக்கக் கயிறும் கரையில் இருக்கும். வடக்குக் கயிற்றில் ஒரு கூட்டம், தெற்குக் கயிற்றில் ஒரு கூட்டம் நின்று இழுக்க, வலை மெல்ல மெல்ல மீனோடு கரைக்கு வரும்.

“என்னடா, கயிறு இழுக்கிறியோ? அங்கையும் கரைவலை இருக்கோ?” என்று அண்ணன் சந்தோஷப்பட்டுக் கேட்டார்.

“இல்லை அண்ணை. இது மெசின். நாரி நோவுக்குப் பயிற்சி.”

“சரி, கயித்தின்ர மற்றப் பக்கம் என்ன இருக்கு?”

“இரும்பு.”

“இழுத்து எடுத்து?”

“திரும்ப விடவேணும்.”

அண்ணன் மெதுவாக, செத்தவீட்டில் கதைக்கிற குரலில் கேட்டார். “தம்பி, அங்க உனக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?”

அந்தக் குரல்தான் என்னைச் சுட்டது. ஏனென்றால் அதற்கு முன்பு கடைசியாக நான் ஊருக்குப் போனபோதும் இதே குரலைத்தான் கேட்டேன். அப்போது வலை வந்துகொண்டிருந்தது. நானும் போய் வடக்குக் கயிற்றைப் பிடித்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் நாரி, அதாவது அடிமுதுகு, பிடித்து, கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றேன். அண்ணன் ஏசியிருந்தால் பரவாயில்லை. ஏசவில்லை. என் கையைப் பிடித்து, முதியோரைப் பஸ்ஸில் இருந்து இறக்குவதுபோல வரிசையில் இருந்து வெளியே எடுத்து, “நீ இனி இதுகளுக்குச் சரிவர மாட்டாய், அதில இரு” என்றார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்குத் தீர்மானித்தேன். அண்ணனுடைய கயிற்றில் ஒருநாள், ஒரே ஒருநாள், கணக்கில் எடுக்கக்கூடிய ஓர் ஆளாக நிற்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை கிடைத்தபோதுகூட நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அதற்காகத்தான் இந்த வாங்கும், இந்தக் கம்பியும், என் பக்கத்தில் மூச்சு வாங்குகிற வங்கி அதிகாரி அம்மாவும்.

3

நோர்வேயில் நாரி நோகிறது என்பதற்காக நேரே போய்க் கம்பி இழுத்துவிட முடியாது. நோகிறது என்று முதலில் நிறுவ வேண்டும்.

நான் வந்த புதிதில் இருந்து மீன் தொழிற்சாலையில் நின்றவன். பதப்படுத்தும் மேசை நோர்வேஜியரின் உயரத்துக்குச் செய்ததா, என்னுடைய உயரத்துக்குச் செய்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாரிதான் கடைசியில் கேட்டது. குடும்ப வைத்தியர் என்னைப் பார்த்தார், தட்டினார், கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் வேறோர் இடத்துக்குப் போய், அங்கிருந்து “உங்கள் கடிதம் கிடைத்தது” என்று எனக்குக் கடிதம் வந்தது. பிறகு “உங்களுக்கு விரைவில் கடிதம் வரும்” என்று ஒரு கடிதம் வந்தது. பனி விழுந்து, கரைந்து, திரும்ப விழத் தொடங்கும்போது உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிற இங்ரிட் என்ற பெண்ணுக்கு முன்னால் போய் இருந்தேன்.

“நோவு பூச்சியத்தில் இருந்து பத்து வரை எத்தனை?” என்று இங்ரிட் கேட்டார்.

எங்கள் ஆட்களிடம் இப்படிக் கேட்கக்கூடாது. எங்களுக்கு நோவு ஒன்றில் “பரவாயில்லை”, அல்லது “செத்துப் போகலாம் போல”. இடையில் எண் கிடையாது. அந்தப் பிள்ளை சிரித்த முகத்தோடு பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். குறைத்துச் சொன்னால் அவமதிப்பாகப் போய்விடுமே என்று பத்து என்றேன். எம்ஆர்ஐ, ஊசி, நரம்பு வைத்தியர் என்று ஒரு படையே திரண்டது. அடுத்த முறை, பாவம் இந்தப் பிள்ளை இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்கிறதே, பலன் தெரிய வேண்டாமா என்று இரண்டு என்றேன். அடுத்த கிழமையே, வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கிடைத்துவந்த சுகவீனப் படியை நிறுத்திக் கடிதம் வந்துவிட்டது. இந்த நாட்டில் மரியாதைக்குப் பொய் சொல்கிறவன் பிழைக்க முடியாது.

என்றாலும் இங்ரிட் நல்லவர். கம்பியைக் கையில் தந்ததும் நான் ஊர்ப் பழக்கத்தில் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து, பாரத்தைப் போட்டு இழுத்தேன். வாங்கோடு மல்லாந்து விழப் பார்த்தேன். இங்ரிட் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். “உடம்பால் இழுக்காதீர்கள். முதுகு அசையக்கூடாது. தோளைக் கீழே இறக்கி, தோள்பட்டை எலும்புகளை ஒன்றோடொன்று கிட்டக் கொண்டுவாருங்கள். கை சும்மா கொக்கி மாதிரி” என்று விளக்கினார். என் முதுகில் அப்படி இரண்டு எலும்புகள் இருப்பதும், அவை ஒன்றையொன்று சந்திக்கக்கூடியவை என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

நான் சரியாகச் செய்ததும் “ஃபிளிங்க்!” என்றார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். இங்கே அதைப் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கும், எறிந்த பந்தை எடுத்து வருகிற நாய்களுக்கும் சொல்வார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தச் சொல்லுக்காகவே ஒரு தட்டு கூடப் போட்டு இழுக்கிறேன்.

4

இங்ரிட்டின் தவணை முடிந்ததும் என் பயிற்சியை என் மகள் ஆரணி பொறுப்பெடுத்தாள்.

ஆரணி ஒஸ்லோவில் படிக்கிறாள். படிப்பைப் பற்றிக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். முதுகுத் தசையைப் பற்றிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பாள். அவளோடு கதைக்க எனக்கு வேறு விஷயம் இல்லாமல் போய்விட்டது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்த நாரி நோவு வந்தது. உண்மையைச் சொன்னால், அது என் குடும்பத்துக்குச் செய்த நன்மையை எந்த மருந்தும் செய்யவில்லை. கோயிலுக்கு வா என்றால் வராத பிள்ளை, நான் கம்பி இழுக்கிற வீடியோவை அனுப்பினால் உடனே எடுத்துப் பார்த்துப் பதில் போடுவாள்.

“அப்பா, நீங்க விடுறது சரியில்லை. இழுக்கிறதவிட விடுறதுதான் முக்கியம். மெதுவா விடுங்கோ.”

“அப்பா, இடையில நிக்கிறீங்கள் இல்லை. பத்து முடிஞ்சால் கட்டாயம் நிக்கணும். தசை வளர்றது அப்பத்தான்.”

எங்கள் பரம்பரையில் களைப்பாறு என்று ஒருவரை ஏசுகிற முதல் ஆள் இவள்தான். நானும் கீழ்ப்படிந்தேன். பத்து, பிறகு கையை விட்டு உதறி, மணிக்கூட்டைப் பார்த்து ஒன்றரை நிமிடம். திரும்பப் பத்து. பழகப் பழக எண்ணாமலே வந்தது. பத்தாவது இழுப்பில் கை தானாக விரிந்துவிடும்.

ஊருக்குப் போகிறேன், வாறியா என்று கேட்டேன். வரவில்லை. அந்த விடுமுறையில் ஏதோ போட்டியாம். என்னைவிடப் பாரமான இரும்பை நிலத்தில் இருந்து தூக்குகிற போட்டி. “நீங்க போய் அந்த நெட்டை இழுங்கோ. ஆனா ஃபோர்ம் கவனம், முதுகு வளையக்கூடாது” என்றாள். நெட்டையாம், வலை என்ற சொல்கூட வரவில்லை. நான் அவளுக்குக் கரைவலையைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். கடைசியில் அவளுக்கு அது இன்னொரு மெசின். வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் “ஓம் பிள்ளை” என்றேன்.

5

ஊரில் போய் இறங்கியபோது என் முதுகு நான் கொண்டுபோன எல்லாச் சாமான்களையும்விடத் திறமாக இருந்தது. சூட்கேசை நானே தூக்கி வைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் விடியவே சப்பாத்து, வியர்வை உறிஞ்சும் பெனியன் எல்லாம் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். போய்ப் பார்த்தால், வடக்குக் கயிற்றில் ஒருவருமே இல்லை. தெற்கிலும் இல்லை. மணலில் ஒரு ட்ரக்டர் நிற்கிறது. அதன் பின்னால் ஒரு வின்ச் உருளை சுற்றுகிறது. இரண்டு பக்கக் கயிறுகளும் தன்பாட்டில் கடலில் இருந்து வந்து உருளையில் சுற்றிக்கொள்கின்றன. ட்ரக்டரின் ஆசனத்தில் நிஸாம் நானா இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நிஸாம் நானா மன்னாரில் இருந்து தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு வந்து இங்கே தங்கிய மனிதர். வடக்கில் இருந்து நாங்களும் ஓடிவந்து, அவரும் ஓடிவந்து, மேற்கில் ஒரே கடற்கரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். ட்ரக்டர் அவருடையது.

“வாங்க தம்பி, சொகமா? நோர்வேல இதுக்கெல்லாம் மெசின் இருக்கும் என்ன?”

“இருக்கு நானா. நானே ஒரு மெசினிலதான் இழுக்கிறன்.”

“மெசின் இழுக்காதா?”

“இல்லை. மெசின் அப்படியே நிக்கும். நாங்கள்தான் இழுக்கிறது.”

நானா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப அந்த மெசின் எதுக்கு?” என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலோடு கேட்டார்.

இழுக்கிற ஆட்கள் கிடைப்பதில்லை என்று அண்ணன் சொன்னார். இளம் பெடியள் நுரைச்சோலை மின்நிலையத்துக்கும் இறால் பண்ணைகளுக்கும் போய்விட்டார்கள். அது அவர்களுக்கு நல்லது, அண்ணனுக்கும் அதில் குறை இல்லை. குறை எனக்குத்தான். ஒரு கயிற்றுக்காக முதுகைச் செய்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், இங்கே கயிற்றுக்கு முதுகு தேவையில்லை.

மூன்று கிழமை அப்படியே போனது. நாள்தோறும் கடற்கரைக்குப் போவேன். அண்ணன் வருகிற மீனில் ஆகப் பெரிய பாரையைத் தேடி எடுத்து, “தம்பிக்கு” என்று வீட்டுக்கு அனுப்புவார். அண்ணி பொரித்துத் தருவார். கண்ட ஆட்கள் எல்லாம் என்னை “வாங்கோ, இருங்கோ, சாப்பிட்டீங்களோ” என்றார்கள். என்னோடு ஒன்றாகக் கடலில் குளித்த செல்லத்துரைகூட வாங்கோ என்கிறான். இந்த வாங்கோவைப் போல ஒரு மனிதனைத் தூரத்தில் நிறுத்தி வைக்கிற சொல் தமிழில் வேறு இல்லை.

6

நான் திரும்புவதற்கு முந்தைய நாள் ட்ரக்டரின் கிளச் போனது.

அது போன நேரம்தான் முக்கியம். வலை கடலில் கிடக்கிறது. அரைவாசிக் கயிறுதான் வந்திருக்கிறது. நானா இறங்கிப் பார்த்து, “இது இண்டைக்குச் சரிவராது. சாமானுக்குச் சிலாபம் போகணும்” என்று கையை விரித்தார். வலையை அப்படியே விட்டால் நீரோட்டம் கொண்டுபோய்க் கல்லில் போட்டுவிடும். ஒரு சம்மாட்டிக்கு வலை கிழிந்தால் அந்தப் பருவமே கிழிந்த மாதிரி.

அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தத் தொடங்கினார். கடைக்குப் போனவன், பாண் வாங்க வந்தவன், மீன் ஏற்ற வந்த ஐஸ் லொறிக்காரன், சிங்களத்தில் கெஞ்சிப் பிடித்த லொறிக்காரனின் மச்சான் என்று எல்லோரும் ஓடிவந்தார்கள். தெற்குக் கயிற்றுக்கு ஆள் சரி. வடக்கில் குறைந்தது. அண்ணன் கரை முழுக்கப் பார்த்தார். நான் நின்றேன்.

“டேய் யோகன்! வாய் பாத்துக்கொண்டு நிக்கிறியே, பிடியடா!”

யாரோ என் நெஞ்சுக்குள் கையை விட்டுத் தூக்கிய மாதிரி இருந்தது. ஓடினேன். சப்பாத்தைக் கழற்றி எறிந்தேன். கயிற்றைப் பிடித்தேன்.

கரைவலைக் கயிற்றில் நிற்கிறவர்கள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. இழுத்து இழுத்துப் பின்னால் நடப்பார்கள். மேட்டில் கடைசியில் இருக்கிறவன் விட்டுவிட்டு, நடந்து இறங்கி, தண்ணீர்க் கரையில் முன்னால் வந்து புதிதாகப் பிடிப்பான். இப்படியே ஆள் மாறிக்கொண்டு போகும், கயிறு மட்டும் நிற்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த விஷயங்கள் தலையில் இருந்தன. கையில் வேறொன்று இருந்தது.

தோளை இறக்கினேன். நெஞ்சை நிமிர்த்தினேன். எலும்புகளைச் சந்திக்க வைத்தேன். கயிறு வந்தது. இரும்பைப் போல மேலும் கீழும் போகிற பாரம் இல்லை இது. உயிருள்ள பாரம். அலை போகும்போது இழுபடும், வரும்போது தளரும். எனக்குப் பின்னால் நின்ற செல்லத்துரை, “நல்லா இழுக்கிறாய் மச்சான்” என்றான். வாங்கோ போய் மச்சான் வந்துவிட்டது. நாரி நோகவில்லை. ஒரு சொட்டும் நோகவில்லை. ஆரணியையும் இங்ரிட்டையும் மனதுக்குள் வாழ்த்தினேன்.

பத்தாவது இழுப்பில் என் கை தானாக விரிந்தது.

விரிந்த கையை உதறிக்கொண்டு, வரிசையில் இருந்து பக்கத்தில் விலகி நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான் நின்றது வரிசையின் நடுவில். அலை உள்ளே இழுத்த நேரம் அது. என் பாரம் போனதும் கயிறு வெடுக்கென்று முன்னால் ஓடியது. செல்லத்துரையும் ஐஸ் லொறிக்காரனின் மச்சானும் மணலில் முகம் குப்புற விழுந்தார்கள். வடக்குக் கயிறு நின்றது, தெற்குக் கயிறு வந்துகொண்டே இருந்தது. வலை சரிந்து, வடக்குப் பக்கத்து மிதப்புகள் தண்ணீருக்குள் போக, அவற்றுக்கு மேலால் மீன்கள் பாய்ந்து பாய்ந்து கடலுக்குப் போனதை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம்.

“ஆரடா கயித்த விட்டது?”

“நான்தான் அண்ணை. ஒரு நிமிசம். இது ரெஸ்ட்.”

“என்னது?”

“பத்து இழுத்தால் ரெஸ்ட் எடுக்கவேணும் அண்ணை. அதுதான் முறை.”

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: “மீன் ரெஸ்ட் எடுக்குதாடா, விசரா? ஆறவேணும் எண்டால் மேட்டில போய் விட்டிட்டு, நடந்து இறங்கி வா. அந்த நடைதான்ரா ரெஸ்ட்! கடலுக்குப் பிறந்துபோட்டு மணிக்கூடு பாக்கிறான், மணிக்கூடு! பிடியடா!”

பிடித்தேன். பிறகு வலை கரைக்கு வரும்வரை எண்ணவில்லை.

7

வலை கிழியாமல் வந்தது. வலையின் மடியில், அதாவது நடுப்பையில், மீன் பரவாயில்லை. பெரும்பாலும் சூடை, கொஞ்சம் பாரை. லொறிக்குப் போவது போன பிறகு, கறிக்கென்று ஒதுக்கிய மீனை அண்ணன் மணலில் குவியல் குவியலாக வைத்தார். கையால் இழுக்கிற நாட்களில் இது ஒரு வழக்கம். கயிற்றில் நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு குவியல். கிட்ட நின்று பார்த்தவனுக்கு, விருந்தாளிக்கு, சம்மாட்டியின் சொந்தக்காரனுக்கு எல்லாம் இல்லை. அவர்களுக்குக் கொடுக்கிற மீன் வேறு, அது அன்பளிப்பு. இது பங்கு.

பெரிசு சிறிசு என்று சண்டை வராமல் இருக்க ஒருவர் குவியல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டுக் கேட்பார், திரும்பி நிற்கிறவர் வாயில் வருகிற பெயரைச் சொல்வார். அன்றைக்கு நிஸாம் நானா திரும்பி நின்றார். அவர் கயிறு பிடிக்காதவர், எல்லோருக்கும் பொதுவானவர்.

“இது ஆருக்கு?” என்று அண்ணன் கேட்டார்.

“செல்லத்துரைக்கு.”

“இது?”

“லொறிக்காரத் தம்பிக்கு.”

நான் ஒரு பக்கமாக நின்றேன். அண்ணன் குவியல்களை வைக்கும்போது நான் எண்ணப் பார்த்தேன், ஆட்கள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வைத்தாரா இல்லையா என்று தெரியாது. ஒரு முழு மனிதன், இரண்டு நாட்டுக் குடியுரிமைக்காரன், தொழிற்சங்க உறுப்பினன், ஒரு கை சூடை மீனுக்காக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொருவராக வந்து குனிந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பங்குக்குப் பதிலாக, அண்ணன் வீட்டுக்கு அனுப்புகிற பாரைதான் இன்றைக்கும் வரும் என்று நினைத்தேன். நினைக்க எனக்கு அழுகை வரப் பார்த்தது.

“இது?”

நானா யோசித்தார். “முடிஞ்சு போச்சே. இன்னும் ஆரு இருக்கா?”

“ஒருத்தன் இருக்கிறான்” என்றார் அண்ணன்.

“ஓ, யோகன் தம்பிக்கு.”

ஒரு குவியல் மட்டும் மிச்சம் இருந்தது. நான் போய்க் குனிந்தேன். அண்ணனும் அதே நேரம் குனிந்து, என் குவியலில் இருந்து இரண்டு மீனை எடுத்துத் தன் பக்கம் போட்டார்.

“அது என்னத்துக்கு?”

“நடுவில நிண்டு மணிக்கூடு பாத்ததுக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்லத்துரை ஆகக் கூடுதலாகச் சிரித்தான், அவனுடைய மூக்கில் இன்னும் மணல் இருந்தது. வேலையில் சுணங்குகிறவனுக்குக் கழிப்பது அண்ணனின் வழக்கம். யாருக்கும் சலுகை கிடையாது. ஆனால் விருந்தாளிக்குக் கழிக்க முடியாது, அப்படிக் கழித்த கதை அந்தக் கரையில் இல்லை.

“அது எப்பிடி ரெண்டு கழிப்பாய்? நான் விட்டது ஒருக்கா” என்றேன்.

“ஒருக்கா விட்டதில எத்தினை மீன் போச்சுதெண்டு பாத்தனியே?”

“அதுக்குப் பிறகு நான் விடேல்லையே. செல்லத்துரையைக் கேள். நான் இழுத்தது உனக்குத் தெரியும்.”

“நாளைக்கு வந்து ஒழுங்கா இழு. தாறன்.”

நாளைக்கு ட்ரக்டர் வந்துவிடும். நாளைக்கு நான் விமானத்தில் இருப்பேன். அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நானாவுக்கும் தெரியும். ஆனாலும் நான் விடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இவ்வளவு ஆட்களுக்கு முன்னால், என் அண்ணனோடு இரண்டு சூடை மீனுக்குச் சண்டை பிடித்தேன். அவரும் விடவில்லை, என் வம்சத்தையே இழுத்து ஏசினார், அது அவருடைய வம்சமும்தான் என்பதை மறந்துபோய். கடைசியில் நானா திரும்பிப் பார்த்து, “சிவம், ஒண்டைக் குடுங்க, விடிஞ்சா தம்பி போறவர்” என்றார்.

“போறவனுக்கு ஏன் குடுப்பான்? இழுத்ததுக்குக் குடுக்கிறன்” என்றபடி அண்ணன் குனிந்து, ஒரு மீனைத் தூக்கி என் குவியலில் போட்டார்.

“மற்றது?” என்று கேட்டேன்.